‘ஏன்?’ என்று கேட்க விடுங்கள்!

பெரட்டுக் களத்தில் கேள்வி கேட்டவனுக்கு என்ன கிடைக்கும் என்பது நம் பாட்டன் காலத்திலிருந்தே நமக்குத் தெரியும். மோசமான நிரை கிடைக்கும். மேட்டுப் பக்கமாக, பால் வற்றிய கிழட்டு மரங்களாகப் பார்த்துக் கொடுப்பார்கள். அந்தப் பயத்திலேயே நாம் வளர்ந்தோம். வீட்டில் பிள்ளை வாயைத் திறந்து “ஏம்பா?” என்றால், “சொன்னதைச் செய்” என்று அடக்கினோம். அது நம் பிறவிக் குணமல்ல. நம் மேல் ஏற்றி வைக்கப்பட்ட பழக்கம்.

இன்று பள்ளிக்கூடமே பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்கிறது. நாம்தான் வேண்டாம் என்கிறோம்! ஆகவே, தோழர்களே, இந்த வாரம் சம்பளம், வேலை நேரம், கூட்டு ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். சம்பளத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பீர்கள். இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அண்மையில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கூட்டம் முடிந்து புறப்படும்போது ஒரு தாய் என்னை நிறுத்தினார்.

“அண்ணே, எம்புள்ளைய பாலர் பள்ளிக்கு அனுப்புறேன். அங்க ஒண்ணுமே சொல்லித் தர்றதில்ல. மண்ணுல தண்ணி ஊத்தி விளையாட விடுறாங்க. இலைய பொறுக்கிட்டு வா, எது சொரசொரப்பா இருக்கு, எது வழவழப்பா இருக்குன்னு பிரிச்சு வைங்கிறாங்க. பக்கத்து வீட்டுப் புள்ள இங்கிலீசுல நூறு வரைக்கும் சொல்லுது. நான் வேற இடத்துக்கு மாத்திடலாம்னு இருக்கேன்.”

“அவசரப்படாதம்மா, உன் பிள்ளைக்குத்தான் நல்லது நடக்குது” என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாதது அவர் குற்றமும் அல்ல. படிப்பு என்றால் எழுத்து, எழுத்து என்றால் நோட்டுப் புத்தகம், நோட்டுப் புத்தகம் என்றால் சிவப்பு மையில் ‘சரி’ என்றுதான் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். வருடக் கடைசியில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கருப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் மாட்டிப் பட்டமளிப்பு விழா நடத்தினால் பாலர் பள்ளி உயர்ந்தது என்று நினைக்கிறோம். அந்த அங்கிக்கு வாடகை கட்டுவதும் நாம்தான்.

இலையைப் பொறுக்கிப் பிரித்து வைக்கிற அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? பார்க்கிறது, தொட்டுப் பார்க்கிறது, ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுகிறது, இது அந்தக் கூட்டம், அது இந்தக் கூட்டம் என்று தானே முடிவு செய்கிறது. பள்ளிப் பாடநூலில் இதற்கு ‘உற்றறிதல்’, ‘வகைப்படுத்துதல்’ என்று பெயர். ஆசிரியர் விடையைச் சொல்லிப் பிள்ளையை ஒப்பிக்க வைக்காமல், கேள்வியைக் கொடுத்து விடையைப் பிள்ளையையே தேட வைக்கிற முறை இது. கேட்டுக் கண்டறியும் கல்வி என்று சொல்லலாம். இது ஏதோ பணக்காரர்களின் தனியார் பள்ளிச் சரக்கு அல்ல. அரசாங்கத்தின் தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம் 2010இல் வந்தது. 2017இல் திருத்தியபோது இந்த முறையைப் பெயர் சொல்லியே அதில் சேர்த்தார்கள். அதே 2017இல் தொடங்கிய திருத்திய ஆரம்பப் பள்ளிக் கலைத்திட்டத்தில், முதலாம் ஆண்டு அறிவியல் பாடமே உற்றறிதலில்தான் ஆரம்பிக்கிறது. ஆகவே அந்தத் தாய் குறை சொன்ன ஆசிரியை, சட்டப்படி செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார்.

நமக்கு ஏன் இது புதிதாகத் தெரிகிறது? தோட்டப் பள்ளி எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் புரியும். வெள்ளைக்காரன் காலத்தில், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று ஆயிற்று. வைத்தார்கள். எங்கே? லயத்து மூலையில், ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில். யார் வாத்தியார்? பல இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி, இல்லையென்றால் கிராணி. காலையில் நம்மை வேலைக்கு விரட்டிய அதே மனிதர் பிற்பகலில் நம் பிள்ளைக்குப் பாடம் சொன்னால், அந்த வகுப்பில் எந்தப் பிள்ளை கேள்வி கேட்கும்? எழுத்துத் தெரிய வேண்டும், எண் தெரிய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம்; நாளைக்கு உளி பிடிக்க ஆள் வேண்டுமே! அந்தப் பள்ளிகளுக்கும் உயிர் கொடுத்தவர்கள் நல்லாசிரியர்கள்தாம், அதை மறக்கவில்லை. ஆனால் பள்ளியைக் கட்டியவனின் நோக்கம் வேறு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கேள்வி கேட்காதே என்று நம்மிடம் சொன்ன அந்தத் தொழிலே, ஒருவர் விடாமல் கேள்வி கேட்டதால் பிழைத்த தொழில். 1877இல் நம் பேராக்கில், கோலகங்சாரில், ஹியூ லோ என்ற வெள்ளைக்கார அதிகாரி ஒன்பது ரப்பர்க் கன்றுகளை நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அந்த ஊரில் நிற்கிறது. போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மரம் வந்துவிட்டது, ஆனால் பாலை எப்படி எடுப்பது? பிரேசில் காடுகளில் சின்னக் கோடாலியால் மரத்தைக் கொத்தி எடுத்தார்கள்; மரம் பாழாகிவிடும். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த ரிட்லி என்பவர் ஒவ்வொரு விதமாக வெட்டிப் பார்த்தார். பழைய வெட்டின் ஓரத்திலேயே மெல்லியதாகப் பட்டையைச் சீவினால், பால் குறையாமல் இன்னும் கூடுதலாக வருவதைக் கண்டார். மரமும் சாகவில்லை. இந்த மரத்தை நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் விதையைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்ததால் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பைத்தியம் கண்டுபிடித்த சீவலைத்தான் நம் அப்பனும் அம்மாவும் வாழ்நாள் முழுக்கச் சீவினார்கள்.

இன்னொரு கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில் நம் பெண்கள் பார்த்த வேலை நினைவிருக்கிறதா? ஆண் பூவின் மகரந்தத் தூளைப் பெண் பூங்கொத்தின் மேல் கையால் தூவுகிற வேலை. முள்ளுக்குள் கையை விட்டு, மரம் மரமாக. ஏன் அப்படி? செம்பனை காற்றினால் காய்க்கிற மரம், இங்கே காற்று போதவில்லை, அதனால் கையால் தூவ வேண்டும் என்று நிபுணர்கள் எழுதி வைத்திருந்தார்கள். யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டத் துறையிலிருந்த லெஸ்லி டேவிட்சன் இங்கேயும் வேலை செய்தவர், ஆப்பிரிக்காவில் காமரூனிலும் வேலை செய்தவர். அங்கே யாரும் தூவுவதில்லை, ஆனாலும் குலை நிறையக் காய்க்கிறது. ஏன்? பூவைப் பார்த்தார், அரிசி வண்டு மாதிரி சின்னஞ்சிறு கூன்வண்டுகள் மொய்த்துக் கிடந்தன. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞரைக் கொண்டு ஆராய வைத்தார்கள். அந்த வண்டுதான் மகரந்தத்தைச் சுமந்துபோகிறது என்று தெரிந்தது. 1981இல் அந்த வண்டை ஜொகூரில் கொண்டுவந்து விட்டார்கள். சில காலத்திலேயே நாடு முழுவதும் பரவிவிட்டது. கையால் தூவுகிற வேலை இல்லாமல் போயிற்று.

(வேலை போனதைப் பற்றித் தொழிற்சங்கக்காரன் மகிழ்ச்சியாக எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். அந்தச் சம்பளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் என்ன ஆயின என்று அன்றைக்கு நிபுணர்கள் யாரும் ஆராயவில்லை.)

நான் இதில் யோசிப்பது வேறொன்று. தினமும் அந்தப் பூவுக்குப் பக்கத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தவர்கள் நம் பெண்கள். துரையைவிட அதிகமாகச் செம்பனைப் பூவைப் பார்த்தவர்கள் அவர்கள். ‘ஏன்’ என்று அவர்கள் மனதில் எழவே இல்லை என்றா நினைக்கிறீர்கள்? எழுந்திருக்கும். கேட்க ஆளில்லை. கேட்கலாம் என்று பள்ளியில் யாரும் அவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கவில்லை.

தோட்டத்துப் பிள்ளைக்கு அறிவியல் கூடம் இல்லை, கருவி இல்லை என்று புலம்புவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கருவி வேண்டும், அதற்குப் போராடுவோம், அது ஒரு பக்கம். மறுபக்கம் பாருங்கள். பால் வெட்டுக்கு ஏன் விடியுமுன் போகிறோம்? வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரின் அழுத்தம் அதிகம். வெட்டினவுடன் பால் வேகமாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுத்து ஆவியாக விடும், அழுத்தம் குறையும், பால் மந்தமாகும். வெட்டை ஏன் இடப்பக்கம் மேலேயிருந்து வலப்பக்கம் கீழே சரித்துப் போடுகிறோம்? பட்டைக்குள் ஓடும் பால் குழாய்கள் நேராக ஏறாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. நாம் போடுகிற சரிவில்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். இவ்வளவும் உங்கள் கைக்குத் தெரியும். காரணத்தை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிள்ளை கேட்கட்டும், ஆசிரியரோடு சேர்ந்து தேடட்டும். இந்தப் பாடத்துக்குப் பட்டணத்துப் பள்ளி எவ்வளவு பணம் கொடுத்தாலும் மரம் கிடைக்காது.

நான் படித்த தோட்டப் பள்ளிக்கு ஒரு முறை தற்காலிகமாக ஓர் ஆசிரியர் வந்தார். மூன்று சிரட்டையில் பாலை ஊற்றி, ஒன்றில் ஒன்றும் சேர்க்காமல், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் வினிகர் ஊற்றினார். “எது முதலில் உறையும்? ஏன் அப்படி நினைக்கிறாய்? முதலில் எழுது, அப்புறம் பார்” என்றார். வினிகர் ஊற்றினது கண் முன்னாலேயே திரிந்து கட்டியாயிற்று. மற்ற இரண்டையும் பார்க்க ஓய்வு நேரம் முழுக்க ஓடி ஓடிப் போனோம். ஒன்றும் சேர்க்காத பாலும் நேரமானதும் தானே கட்டியானபோது, “யார் அதில் வினிகர் ஊத்துனா?” என்று ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான். பாலில் பெருகுகிற கிருமிகளே புளிப்பை உண்டாக்கி உறைய வைக்கும் என்று மறுநாள்தான் சொன்னார். ஸ்டோரில் ஏன் அமிலம் ஊற்றுகிறார்கள், கட்டியாகாமல் இருக்க ஏன் அம்மோனியா போடுகிறார்கள் என்பதெல்லாம் அன்றைக்கே விளங்கிவிட்டது. அந்த இரண்டையும் பிள்ளைகள் தொடக்கூடாது, அது ஆபத்து; வினிகர் போதும்.

இப்போது தோட்டத்தில் நாம் எத்தனை பேர் இருக்கிறோம் என்று கேட்பீர்கள். நியாயம். ஈப்போவைச் சுற்றி எத்தனையோ தோட்டங்கள் தாமானாகிவிட்டன. பள்ளியின் பெயரில் மட்டும் ‘லாடாங்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் வீடும் கடையும். சரி, அங்கே என்ன செய்வது? புந்தோங்கில் கடலையும் முறுக்கும் போட்டு விற்கிற குடும்பத்துப் பிள்ளையிடம் கேளுங்கள்: மூடி போட்ட டின்னில் இருக்கிற முறுக்கு மொறுமொறுவென்று இருக்கிறது, திறந்து வைத்தது ஏன் நமத்துப் போகிறது? காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சுகிறது. முதலாம் ஆண்டு அறிவியலில் ‘நீர் உறிஞ்சுதல்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. அதை மனப்பாடம் செய்வதைவிட, நாலு முறுக்கை நாலு இடத்தில் வைத்துவிட்டுச் சாயங்காலம் கடித்துப் பார்ப்பது மேல். பிள்ளையும் மறக்காது.

இதெல்லாம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. வகுப்பறையில் நடக்கிறதா? எல்லா இடத்திலும் நடக்கவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றிருந்தது: யு.பி.எஸ்.ஆர். 1988 முதல் 2019 வரை அந்தச் சோதனை நம் பள்ளிகளை ஆட்டிப் படைத்தது. ஐந்தாம் ஆண்டு முடியும்போதே மாதிரித் தாள் கட்டுக் கட்டாக இறங்கும். எத்தனை ‘ஏ’ என்று பேனர் கட்டினோம், மாலை போட்டோம், நாளிதழில் படம் போட்டோம். மனப்பாடம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அனைத்துலக அளவெடுப்பு காட்டிக்கொடுத்தது. ‘டிம்ஸ்’ என்ற அந்த ஆய்வில் நம் நாட்டுப் படிவம் இரண்டு மாணவர்களின் கணிதப் புள்ளி 1999இல் 519, 2011இல் 440. அறிவியல் 492லிருந்து 426க்கு இறங்கியது. தமிழ், சீனம், தேசியம் எல்லாப் பள்ளியிலிருந்தும் போன பிள்ளைகள் சேர்ந்த கணக்கு இது. ‘உயர்நிலைச் சிந்தனை’ என்று 2013ஆம் ஆண்டுக் கல்விப் பெருந்திட்டத்தில் அழுத்திச் சொன்னதற்கு இந்த வீழ்ச்சியும் ஒரு காரணம். அதற்கும் நம்மவர்கள் கடையில் ‘உயர்நிலைச் சிந்தனைக்கான மாதிரி விடைகள்’ என்று புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்ய வைத்ததுதான் கொடுமை!

2021இல் யு.பி.எஸ்.ஆர். ஒழிக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீடு வந்தது. பிள்ளையை ஆறு நிலைகளில் வைத்துப் பார்க்கிறார்கள். நாம் என்ன செய்தோம்? “சார், என் பையன் எத்தனாவது?” என்று கேட்டோம். எத்தனாவது என்பது அதில் கிடையாது என்றால், “அப்ப என்னா படிப்பு லா இது” என்று டியூசன் தேடினோம். 2027 முதல் இன்னொரு புதிய கலைத்திட்டம் வருமென்று அமைச்சு அறிவித்திருக்கிறது. புத்தகம் எத்தனை முறை மாறினாலும், வீட்டில் நாம் கேட்கிற கேள்வி மாறாதவரை ஆசிரியர் பழைய வழிக்கே திரும்புவார். பெற்றோரின் நெருக்குதலைத் தாங்கித் தனியாக நிற்க எந்த ஆசிரியரால் முடியும்?

ஒரு வாதத்துக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். “வாய்ப்பாடே தெரியாத பிள்ளை எதைக் கண்டுபிடிக்கப் போகிறது?” என்று என் நண்பரான ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சொல்வார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாமல் மூன்றாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளையிடம் ‘நீயே தேடு’ என்று சொல்வது கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவதற்குச் சமம். எழுத்தும் வாய்ப்பாடும் அடித்தளம். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது, ஏழைப் பிள்ளை விஷயத்தில் அறவே கூடாது. பணக்காரப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளிருக்கிறது. ஆனால் அடித்தளம் போட்டே ஆறு வருடத்தை முடித்துவிட்டுக் கூரையே போடாமல் பிள்ளையை அனுப்புகிறோமே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன். வினிகர் ஊற்றின பாலைப் பார்த்த அன்று நாங்கள் எழுதின அரைப் பக்கத்தில், எத்தனை புதுச் சொல்லை எழுத்துக் கூட்டக் கற்றோம் தெரியுமா?

பேராக்கில் நம் பள்ளிகளில் பல, 150 பிள்ளைகளுக்கும் குறைந்த சிறிய பள்ளிகள். முப்பதுக்கும் கீழே போனால் இரண்டு வகுப்பைச் சேர்த்து ஓர் ஆசிரியரிடம் கொடுப்பார்கள். இது நமக்கு அவமானம் மாதிரி. பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவதற்கு முதல் காரணமாகவும் இதைத்தான் சொல்கிறோம். தமிழ்நாட்டில் இதையே எப்படிப் பயன்படுத்தினார்கள் பாருங்கள். ஆந்திராவில் ரிஷிவேலி என்ற இடத்தில், ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ என்று தொடங்கினார்கள். பாடங்களைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து ஏணிபோல அடுக்கினார்கள். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து ஏறும். ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். சுவரின் அடியில், பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. பெரிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்கும். ஒரே அறையில் பல வகுப்புகள் இருப்பது அங்கே குறையாக இல்லாமல் வசதியாக ஆயிற்று.

2007இல் அதைத் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம். சில பள்ளிகளில் ஆசிரியர்கள் விரும்பிச் செய்தபோது உயிரோடு இருந்தது. மேலிடத்து உத்தரவாகப் போனபோது அட்டையை முடிப்பதே வேலை என்று ஆன பள்ளிகளும் உண்டு. அது முழுக்கக் கேட்டறியும் கல்வியும் அல்ல, அதற்கு நெருங்கிய உறவு. என்றாலும், மேசை நாற்காலிகூட இல்லாத ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் இது நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இனி, சம்பளத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இது ஊரறிந்த செய்தி. ஆனாலும் சங்க அலுவலகத்துக்குச் சம்பளச் சீட்டோடு வருகிற தொழிலாளியிடம், “இந்த வரியில் பிடித்திருக்கிறார்களே, எதற்கு?” என்றால், “தெரியலண்ணே, கிராணி போட்டாரு” என்பார். இருபது வருடம் வேலை செய்தவர். படிக்கத் தெரிந்தவர். அந்தச் சீட்டிலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் அவரால் வாசிக்க முடியும். கேட்க மட்டும் தெரியவில்லை. கேட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் முதலாம் ஆண்டு வகுப்பிலேயே அவருக்குள் போய்விட்டது. இப்படிப்பட்டவர்களுக்கு ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்கக் கற்றுக்கொடுப்பதிலேயே என் பாதி வேலை கழிகிறது. நாற்பது வயதில் கற்றுக்கொடுப்பதைவிட நாலு வயதில் விட்டுவைப்பது சுலபம். நாலு வயதில் அது தானாகவே கேட்கும், யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வாயை அடைக்காமல் இருந்தால் போதும்.

அதற்காக எல்லாக் கேள்விக்கும் நீங்கள் விடை சொல்ல வேண்டுமென்று பயப்படாதீர்கள். வேலை முடிந்து களைத்து வந்து உட்காரும்போது, “ஏம்மா வானவில்லு வளைஞ்சு இருக்கு?” என்று கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். “எனக்குத் தெரியலடா, உனக்கு என்ன தோணுது?” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். அதுவே போதும். பெரிய பாலர் பள்ளிகளில் இதைச் சொல்லத்தான் ஆசிரியைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். பந்தல், சாப்பாடு, விளையாட்டுப் போட்டிச் சட்டை இவற்றைப் பேசி முடித்த பிறகாவது எழுந்து நின்று கேளுங்கள்: அறிவியல் பாடத்துக்குப் பிள்ளைகள் இந்த மாதம் எத்தனை முறை வகுப்பை விட்டு வெளியே போனார்கள்? என்ன பார்த்தார்கள்? போகவில்லை என்றால் என்ன தடை? ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற குரலில் கேட்காதீர்கள். அவர் மேசையில் நிரப்ப வேண்டிய பாரங்கள் மலைபோல் குவிந்திருக்கின்றன. உதவிக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். பால் வெட்டத் தெரிந்தவர், தையல் தெரிந்தவர், மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர், கறிவேப்பிலை நட்டு வளர்ப்பவர் நம்மில் எத்தனை பேர்! ஒரு மணி நேரம் போய் நின்று, பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொல்ல நமக்கு என்ன கூச்சம்?

ரப்பர் இன்னும் நிற்கிற தோட்டங்களில், ஆசிரியரோடு பிள்ளைகளை ஒரு காலை தீம்பாருக்குள் அழைத்துப் போக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பள்ளி தனியாகக் கேட்டால் பாதுகாப்பு, காப்புறுதி என்று இழுத்தடிப்பார்கள். தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கக் கிளை மூவரும் கையெழுத்திட்டு ஒரே கடிதமாகக் கொடுங்கள். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள், எழுதித் தருவார். ஆண்டுக் கடைசி மழை தொடங்குமுன் கொடுத்துவிடுங்கள். மரம் நனைந்திருந்தால் பால் வெட்டு இருக்காது, பிள்ளைகள் போயும் பார்க்க ஒன்றும் கிடைக்காது.